கடை வாசலா, குடிசை வாசலா?

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி வழியாகக் குமுளிக்குச் செல்லும் பெருஞ்சாலையோடு, ஒட்டன்சத்திரத்திலிருந்து கன்னிவாடி வழியாக வரும் சாலை சேருமிடம் செம்பட்டி. ஒட்டன்சத்திரத்துச் சந்தைக் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. நிலக்கோட்டைப் பூ வெளியூர்களுக்குப் போகிறது. சின்னாளபட்டித் தறியில் நெய்த சேலை தேசமெங்கும் போகிறது. இக்காலத்திலோ, கைப்பேசியைத் தொட்டுக் கேட்ட மாத்திரத்தில், மளிகைச் சாமான் பொட்டலமாகக் கட்டப்பட்டுப் பணமுள்ளவர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. சரக்கு எல்லாம் தன்னை வாங்குவோரைத் தேடிப் போகக் கற்றுக்கொண்ட இந்நாளில், சர்க்கார் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய அரிசி மட்டும் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, தனக்கு உரியவரைத் தன்னிடம் வரும்படி அழைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பேதம் இருக்கவேண்டியது அவசியந்தானா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

தமிழ்நாட்டில் உணவுப் பங்கீடு நேற்று முளைத்ததன்று. 1943-இல் வங்கத்தில் பல லட்சம் ஜனங்கள் பஞ்சத்துக்குப் பலியான அதே ஆண்டில் சென்னை நகரில் ரேஷன் முறை வந்தது. 1952-இல் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1967-இல் அண்ணாதுரை அமைச்சரவை ரூபாய்க்கு ஒரு படி அரிசி அளக்க முயன்றது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 1997-இல் மத்திய சர்க்கார், வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று ஜனங்களைப் பிரித்தபோது, நமது மாநிலம் அந்தப் பிரிவினையை ஏற்காமல் வருமான வரம்பின்றி அட்டை வழங்கும் முறையைக் காத்துக்கொண்டது. 2008-இல் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு 20 கிலோ வரை விலையே இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் கைவிடாத கொள்கை ஒன்று இந்நாட்டில் உண்டென்றால் அது இதுவே.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை மேலும் ஒரு படி உயர்த்தியது. அச்சட்டத்தின்படி தகுதி பெற்ற குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியமும், அந்தியோதயக் குடும்பத்துக்கு 35 கிலோவும் உரிமையாகும். சர்க்கார் கொடுக்கத் தவறினால் அதற்கீடாக உதவித்தொகை தரவேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. தமிழ்நாடு 2016 நவம்பர் முதல் தேதி இச்சட்டத்தில் சேர்ந்தது. அன்று முதல் இந்த அரிசியைத் தர்மம் என்றோ, தயவு என்றோ சொல்ல எவருக்கும் வாயில்லை. அது கடன், கொடுக்கவேண்டியவர் சர்க்கார், பெறவேண்டியவர் பிரஜை.

கடனைத் திருப்பிக் கொடுப்பவன் கடன் கொடுத்தவன் வீட்டுக்குச் செல்வது உலக வழக்கம். இங்கோ கடன் கொடுத்தவரே நடந்து வந்து வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. ஆத்தூர், சித்தையன்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் களையெடுக்கும் கூலிப் பெண்ணுக்குக் கடை திறந்திருக்கும் நேரமே வேலை நேரமுமாகும். அரிசி வாங்கப் போனால் கூலி போயிற்று; கூலிக்குப் போனால் அரிசி அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அரிசிக்கு விலையில்லை என்பது மெய். ஆனால் இழந்த கூலியே அதன் விலையாகிவிடுகிறது. கடை திறந்திருக்கிறதா, சரக்கு வந்திருக்கிறதா என்பதைக் கைப்பேசிச் செய்தி மூலமும் செயலி மூலமும் அறிய உணவுத் துறை வசதி செய்திருக்கிறது. அறிவது வரைதான் அந்த வசதி. வாங்குவதற்கு நடந்தே தீரவேண்டும்.

2017 ஏப்ரல் முதல் காகித அட்டை போய் மின்னணு அட்டை வந்தது. 2020 அக்டோபரில் நாடெங்கும் ஒரே அட்டை என்னும் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது கைரேகை பதியும் முறையும் கூடவே வந்தது. போலி அட்டைகளை ஒழிக்க இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. வெளியூர் சென்று பிழைக்கும் தொழிலாளி தான் இருக்கும் ஊரிலேயே அரிசி வாங்கலாம் என்பதும் பெரிய நன்மையே. ஆயினும், தறியிலும் மண்வெட்டியிலும் தேய்ந்துபோன விரல்களில் ரேகை எளிதில் அகப்படுவதில்லை. நடக்கமாட்டாத முதியோர் தமக்குப் பதிலாக மற்றொருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம் என்று விதியிருக்கிறது. அப்படி அனுப்ப ஒரு மனிதர் அகப்படாதவர்களே இந்த உதவி அதிகமாகத் தேவைப்படுகிறவர்கள் என்பதை விதி வகுத்தோர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அதனை ஓரளவு எண்ணிப் பார்த்ததன் பலனே 2025 ஆகஸ்டு 12-ஆம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சென்னையில் தொடங்கிவைத்த தாயுமானவர் திட்டம். 70 வயது கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதந்தோறும் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் ரேஷன் சாமான்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அப்பொழுது அறிவிக்கப்பெற்றது. 34,809 கடைகளின் வாயிலாக, முதியோர் 20 லட்சத்துக்கு மேலும் மாற்றுத்திறனாளிகள் ஒரு லட்சத்துக்கு மேலுமாக, ஏறக்குறைய 21 லட்சத்து 70 ஆயிரம் பேர் பயனடைவர் என்று கணக்கிட்டார்கள். எடைத் தராசையும் கைரேகைக் கருவியையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு கடைப் பணியாளரே தெருத்தெருவாகச் செல்வது இதன் முறை.

இம்முறையில் நாம் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு. இதில் கடை அழியவில்லை. கடையே எழுந்து நடக்கிறது. சர்க்காரின் அரிசி, சர்க்காரின் தராசு, சர்க்காரின் ஊழியர் என்னும் மூன்றும் குடிசை வாசலுக்கு வருகின்றன. இடையில் ஒரு வர்த்தகர் இல்லை. எடை குறைந்தால் அங்கேயே கேட்கலாம். அரிசி மட்டமாயிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லலாம்.

ஆனால் இத்தகைய நன்மை எவ்வளவு காலம் நிலைக்கும்? ஆந்திரத்தைப் பார்ப்போம். 2021 ஜனவரியில் ஜகன்மோகன் ரெட்டியின் சர்க்கார் 9,260 வாகனங்களை வாங்கி, வீட்டுத் தெருவுக்கே ரேஷன் அரிசியை அனுப்பிற்று. பின்னர் ஆட்சி மாறியது. முறைகேடுகளைக் காரணம் காட்டி, 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து அவ்வாகனங்களைப் புதிய சர்க்கார் நிறுத்திவிட்டது. ஜனங்கள் பழையபடி கடைக்கே நடக்கலானார்கள். எந்தச் சர்க்கார் செய்தது சரி என்ற வாதத்தில் நாம் இறங்கவில்லை. ஓர் ஆட்சி திட்டமாகக் கொடுத்ததை மற்றோர் ஆட்சி உத்தரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதிலிருந்து கற்கவேண்டிய பாடம். முதலமைச்சர் பெயரால் வந்தது முதலமைச்சரோடு போகும். சட்டத்தின் பெயரால் வருவதே நிற்கும்.

சட்டமோ இவ்விஷயத்தில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, தானியத்தை ஒவ்வொரு நியாய விலைக் கடையின் வாசல் வரையில் கொண்டு சேர்க்கவேண்டும் என்று மாநில சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது. அதன் பிறகு உரியவர்க்கு அது மெய்யாகவே கிடைக்கும்படி செய்யவேண்டும் என்றும் சொல்லுகிறது. எப்படிக் கிடைக்கவேண்டும், எவர் வாசலில் கிடைக்கவேண்டும் என்பதை அது சொல்லவில்லை. ‘வாசல்’ என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது கடையின் வாசல், குடிசையின் வாசலன்று.

இந்த இடைவெளியில்தான் டில்லியும் வங்கமும் இடறி விழுந்தன. டில்லி சர்க்கார் வீட்டுக்கு வீடு ரேஷன் கொடுக்கும் திட்டம் ஒன்றை வகுத்தபோது துணைநிலை ஆளுநர் இசையவில்லை. கடைக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022 மே 19-இல் டில்லி ஹைகோர்ட்டு அத்திட்டத்தை ரத்து செய்தது. வேறு திட்டம் வகுத்துக்கொள்ளலாம், ஆனால் மத்திய சர்க்கார் கொடுக்கும் தானியத்தை அதற்குப் பயன்படுத்தலாகாது என்பது தீர்ப்பின் சாரம். மேற்கு வங்கத்தில் 2021 நவம்பரில் தொடங்கிய ‘வாசலில் ரேஷன்’ திட்டத்தை 2022 செப்டம்பர் 28-இல் கல்கத்தா ஹைகோர்ட்டு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்த்தது. அவ்வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பசித்தவன் வாசலுக்கு அரிசி போகலாமா என்பதைச் சட்டப் புத்தகத்தின் ஒரு வரியை வைத்துக்கொண்டு வக்கீல்கள் விவாதிக்கும் நிலைமை ஏற்பட்டிருக்கிறது. நீதிபதிகளை நாம் குறை கூறமாட்டோம். இருக்கும் சட்டத்தைத்தான் அவர்கள் படிக்க முடியும். சட்டத்தைத் திருத்துவது பார்லிமெண்டின் வேலை.

இனி, வாசலுக்கு வருவது என்றால் எப்படி வரவேண்டும்? இதற்குச் செல்வத்தில் சிறந்த அமெரிக்கா ஒரு வழி காட்டியிருக்கிறது. அவ்வழியில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. அங்கே ரேஷன் கடை இல்லை. 1939-இல் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் நகரில் ஏழைகளுக்கு உணவு வில்லைகள் விற்கத் தொடங்கினார்கள். ஆரஞ்சு நிற வில்லை ஒரு டாலருக்கு வாங்கினவருக்கு, மிகுதியாக விளைந்த பொருள்களை வாங்கிக்கொள்ள நீல நிற வில்லை அரை டாலருக்கு இனாமாகக் கிடைத்தது. அம்முறை 1943-இல் நின்று, 1964-இல் சட்டமாக மீண்டது. காகித வில்லை போய், வங்கி அட்டையைப் போன்ற மின்னணு அட்டை வந்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த அட்டையைக் கொண்டு இணையத்தில் மளிகை வாங்கும் பரீட்சை 2019 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கியது. மறு ஆண்டு கொரோனா நோய் பரவியபோது அது வேகமாக விரிந்து, 2023-க்குள் 50 மாநிலங்களுக்கும் எட்டியது.

இதில் கொள்ளத்தக்கது ஏழையின் மானம். கடையில் நின்று உதவி அட்டையை நீட்டும்போது பின்னால் நிற்பவர் பார்வை படும் கூச்சம் இதில் இல்லை. முடவரும் முதியவரும் கைக்குழந்தைக்காரியும் மற்றவரைப் போலவே வீட்டிலிருந்து கேட்டு வாங்குகிறார்கள். தள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, உணவு வாங்கத்தான் அந்த உதவிப் பணம் செல்லும். கொண்டுவந்து கொடுக்கும் கூலிக்குச் செல்லாது. கூலியைத் தள்ளிக் கொடுக்கும் கடை அகப்படாத ஏழை தன் கைக்காசைத்தான் போடவேண்டும். வாசலைத் திறந்துவிட்டு அதற்குச் சுங்கமும் வைத்தாற்போன்றது இது. இரண்டாவது, அங்கே சர்க்காரிடம் அரிசி இல்லை, இருப்பது பணமே. அமேசான், வால்மார்ட் போன்ற பெரு வர்த்தகரின் கடையில் அன்று என்ன விலையோ அந்த விலைக்குத்தான் அந்தப் பணம் செல்லும். 2025 நவம்பரில் அமெரிக்க சர்க்காரின் செலவுக்கு அந்நாட்டுச் சட்டசபை அனுமதி தராமல் அலுவல்கள் ஸ்தம்பித்தபோது, 4 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களின் அட்டையில் அம்மாதத்துக்குரிய பணம் உரிய நாளில் ஏறவில்லை. இணையக் கடை திறந்தே இருந்தது, அட்டைதான் வெறுமையாயிருந்தது.

அரிசியைப் பணமாக்கும் சோதனையை நாமும் பக்கத்திலேயே பார்த்துவிட்டோம். 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் மத்திய சர்க்கார் தானியத்தை நிறுத்தி, அதற்கீடான பணத்தை வங்கிக் கணக்கில் போடத் தொடங்கியது. புதுச்சேரியில் ரேஷன் கடைகள் பல ஆண்டு பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். கடைசியில் 2024 அக்டோபரில் கடைகளைத் திறந்து மறுபடியும் அரிசி அளக்கலானார்கள். அரிசி விலை ஏறினால் பணம் சுருங்கும், கிலோ சுருங்காது. அன்றியும், வங்கியில் விழும் பணத்தைக் கடன்காரன் கேட்பான், சாராயக் கடை கேட்கும். அடுக்களையில் இருக்கும் அரிசியை அவ்வளவு எளிதில் கேட்கமாட்டார்கள். 1943-இல் வங்கத்து ஏழைகள் மாண்டது நாட்டில் தானியம் அறவே அற்றுப்போனதால் அன்று, ஏறிய விலைக்கு வாங்கும் சக்தி அவர்கள் கையில் இல்லாமற்போனதால் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் எழுதினார். அந்தப் பாடத்தை மறந்துவிட்டு, கைப்பேசியின் கவர்ச்சியில் மயங்கி, நமது அரிசியை வர்த்தகரின் வில்லையாக மாற்றிக்கொள்ள நாம் இசையலாகாது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. ரேஷன் அட்டைதாரர் விரும்பினால், கைப்பேசியிலோ கடையிலோ முன்கூட்டிச் சொல்லி, தமக்குரிய அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைத் தம் வீட்டு வாசலிலேயே பெறலாம் என்னும் உரிமை சட்டத்தில் எழுதப்படவேண்டும். கொடுப்பது நியாய விலைக் கடையாகவே இருக்கவேண்டும். கொண்டுபோகும் கூலி சர்க்காருடையதாக இருக்கவேண்டும். கைப்பேசி இல்லாதவர் வாய்ச்சொல்லால் கேட்டாலும் அது செல்லவேண்டும். ரேகை பதியவில்லை என்ற காரணத்தால் எவரையும் வெறுங்கையோடு விடலாகாது. கடைக்கே வர விரும்புவோருக்குக் கடை எப்போதும் போலத் திறந்திருக்கவேண்டும்.

இதைச் செய்ய வெளியிலிருந்து வர்த்தகரை அழைக்கவேண்டியதில்லை. தமிழர்களுக்குக் கூட்டுறவு புதிதன்று. 1904-இலேயே திருவல்லிக்கேணியில் சில தேசபக்தர்கள் கூடி ஒரு கூட்டுறவுப் பண்டசாலையைத் தொடங்கினார்கள், வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அதை வளர்த்தவருள் ஒருவர். செம்பட்டிக்கு அருகில், சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமம் 1947 முதல் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், ஜி. ராமச்சந்திரன் தம்பதிகளின் உழைப்பால் கிராமத் தொண்டுக்கு உதாரணமாக விளங்கிவந்திருக்கிறது. இன்றும் நமது மாநிலத்து ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களின் கையிலேயே இருக்கின்றன. ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. சங்கம் அளந்து கொடுக்க, குழுவினர் கூலி பெற்றுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துச் செல்ல, அட்டைதாரர் தம் கண்ணெதிரே நிறுத்துப் பெற்றுக்கொண்டால், ஊர்ப் பணம் ஊரிலேயே நிற்கும். ஊர்ப் பெண்களுக்கு வேலையும் கிடைக்கும்.

செலவாகுமே என்பார்கள். தாயுமானவர் திட்டத்துக்கு அறிவிக்கப்பெற்ற செலவு 30.16 கோடி ரூபாய். அதை ஓராண்டுக்கு மட்டுமே உரியதென்று கொண்டாலும், 21 லட்சத்து 70 ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 139 ரூபாய். மாதத்துக்கு 12 ரூபாய்க்கும் குறைவு. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் பெண்ணின் நஷ்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஏழை தாங்குவதால் சர்க்கார்க் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவே.

கடைப் பணியாளருக்குச் சுமை அதிகமாகும் என்பது நியாயமான ஆட்சேபம். ஒரே ஆள் கடையையும் திறந்து, தெருவுக்கும் போக முடியாது. அதனாலேயே எடுத்துச் செல்லும் வேலைக்குத் தனி ஆளும் தனிக் கூலியும் வேண்டும் என்கிறோம். வழியில் திருட்டுப் போகும் என்பது மற்றோர் ஆட்சேபம். திருட்டுக் கடையிலும் உண்டு, கிடங்கிலும் உண்டு. அதற்கு மருந்து ஜனங்களின் கண்காணிப்பே அன்றி, ஏழையை நடக்கவைப்பதன்று.

அக்கண்காணிப்புக்குச் சட்டமே ஆயுதம் தந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ரேஷன் கடையின் செயல்களை ஊரார் தணிக்கை செய்ய இடமளிக்கிறது. 29-ஆம் பிரிவு மாநிலம், மாவட்டம், வட்டாரம், கடை என்னும் ஒவ்வொரு படியிலும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்லுகிறது. தம் ஊர்க் கடைக்கு அத்தகைய குழு உண்டா, அது கடைசியாகக் கூடியது எப்பொழுது என்று எத்தனை தேசத் தொண்டர்கள் கேட்டிருக்கிறார்கள்? மேடையில் பெரிய விஷயங்களைப் பேசுவது எளிது. ரேஷன் கடைத் தராசின் பக்கத்தில் நின்று ஒரு நாள் பார்ப்பது அதைவிடக் கடினம். அதைவிட உபயோகமும் ஆகும்.

செம்பட்டி வட்டாரத்து அன்பர்களுக்கும், இப்பத்திரிகையைப் படிக்கும் எல்லாத் தொண்டர்களுக்கும் நாம் கூறுவது இது. வரப்போகும் கிராம சபைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். ஒன்று, கடைக்கு வர இயலாதவர் பெயர்களைத் தெருத்தெருவாக எழுதி, அவர்களுக்கு வீட்டிலேயே சாமான் கொடுக்கவேண்டும் என்பது. மற்றொன்று, வாசலில் பெறும் உரிமையை உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சேர்க்கவேண்டும் என்று பார்லிமெண்டைக் கேட்பது. கட்சி எதுவாயினும் ஆகுக; இதில் ஒன்றுபடத் தடையில்லை. பெயர்ப் பட்டியலை எழுதி முடித்தவுடன் அதன் பிரதி ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த மாதம் அதில் எத்தனை பேர் வாசலுக்கு அரிசி போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.